குப்பை வண்டி வரும் நாளும் கணிப்பொறியின் காத்திருப்பும்

வீடுகளிலும் பள்ளிகளிலும் சேரும் குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை எனப் பிரித்து வைக்கும் பழக்கம் பரவிவரும் இக்காலத்தில், எந்த வகைக் குப்பையை எடுத்துச் செல்லும் வண்டி எந்த நாளில் வரும் என்பதை மக்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது அவசியமாகிறது. உணவுக் கழிவு நாள்தோறும் எடுக்கப்படும் ஊர்களிற்கூட, காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக் போன்ற உலர்ந்த பொருள்கள் வாரத்தில் ஓரிரு நாள்கள் மட்டுமே எடுக்கப்படுவதுண்டு. அந்த நாளைத் தவறவிட்ட வீட்டில், பிரித்து வைத்த பொருள்கள் மீண்டும் உணவுக் கழிவுடன் கலந்துவிடுகின்றன. அல்லது தெருமுனையில் எரிக்கப்படுகின்றன. கலந்த குப்பையைத் துப்புரவுத் தொழிலாளி பின்னர்க் கையால் பிரிக்க நேரிடுகிறது. உடைந்த கண்ணாடியும் துருப்பிடித்த தகரமும் அவர் கையைக் கிழிக்கின்றன. பிரித்து வைத்த வீட்டாரின் உழைப்பும் வீணாகி, அடுத்த வாரம் பிரிப்பதற்குரிய ஊக்கமும் குறைகிறது.

கர்நாடக மாநிலத்தின் தென்கோடியிலுள்ள சாமராஜநகர் மாவட்டத்தில் இதன் அவசியம் மேலும் தெளிவாகப் புலனாகும். முன்பு மைசூர் மாவட்டத்தில் அடங்கியிருந்து, 1997-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாக அமைந்த இப்பகுதியில் காடுகள் மிகுதி. பந்திப்பூர்க் காட்டின் பகுதியும், பிலிகிரிரங்கன் மலையும், மாதேசுவரன் மலையும் இதன் எல்லைக்குள் உள்ளன. காட்டின் விளிம்பிலுள்ள ஊரில் வெளியே வீசப்பட்ட உணவுப் பொட்டலத்தின் பிளாஸ்டிக் உறை, தெருமாட்டின் வயிற்றையோ காட்டு விலங்கின் வயிற்றையோ சென்றடையக் கூடும். வண்டி வரும் நாள் பற்றிய சிறு தகவல் உரிய வேளையில் உரியவரை எட்டுமாயின் இத்தகைய தீங்கில் ஒரு பகுதி தவிர்க்கப்படும்.

இத்தகவலை வீட்டிலுள்ள சிறு கணிப்பொறி தானாகவே கேட்டறிந்து, வீட்டாருக்கு நினைவூட்டும் ஏற்பாடு சில நாடுகளில் நடைமுறையில் உள்ளது. அவ்வேற்பாட்டின் ஓர் உறுப்பாகிய ‘ஏஐஓ-ரீகலெக்ட்’ என்னும் நிரல் நூலகத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கணிப்பொறி எவ்வாறு கேள்வி கேட்கிறது, விடை வரும்வரை எவ்வாறு காத்திருக்கிறது, விடை சரியாக அமைவதற்கு நகரசபை முன்னதாக எதனைச் செய்திருத்தல் வேண்டும் என்பன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

சேவை தோன்றிய வரலாறு

கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரத்தில், அரசாங்க விடுமுறை ஒவ்வொன்றுக்கும் பின் குப்பை எடுக்கும் நாள் ஒரு நாள் தள்ளிப்போவது முன்பு வழக்கமாயிருந்தது. திங்கட்கிழமைதோறும் வண்டி வந்துகொண்டிருந்த தெருவிற்கு, ஒரு விடுமுறை கழிந்தபின் செவ்வாய்க்கிழமையும், மற்றொரு விடுமுறை கழிந்தபின் புதன்கிழமையும் வண்டி வரும். ஆகவே, ஆண்டு முழுவதற்கும் ஒரே கிழமையை நினைவில் வைத்துக்கொள்ளுதல் இயலாததாயிற்று. நாட்காட்டியை அவ்வப்போது பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

2009-ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நகர மன்றம், தன்னிடமுள்ள பொதுத் தகவல்களை எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய வடிவில் வெளியிடுதல் வேண்டும் என்று தீர்மானித்தது. அதே ஆண்டில், நகரவாசிகள் சிலர் ‘வான்டிராஷ்’ என்னும் நினைவூட்டுச் சேவையை உருவாக்கினர். தம் வட்டாரத்தைப் பதிவு செய்துகொண்டவருக்கு, வண்டி வரும் நாளை நினைவூட்டும் மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. இச்சேவையே பின்னர் ‘ரீகலெக்ட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்து, வட அமெரிக்காவின் பல நகரசபைகளுக்குக் குப்பை நாட்காட்டியை நடத்தித் தரலாயிற்று.

நகரசபை தன் தகவலை ஒழுங்கான வடிவில் வெளியிட்ட பின்னரே பிறர் அதன்மீது ஒரு சேவையைக் கட்ட முடிந்தது என்பது இவ்வரலாற்றில் கவனிக்கத் தக்கது.

நிரல் நூலகம் என்பது யாது?

இங்கு நூலகம் என்பது புத்தகசாலையைக் குறிப்பதன்று. கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் தொகுப்பு நிரல் எனப்படும். பலருக்கும் மீண்டும் மீண்டும் தேவைப்படும் ஒரு வேலையைச் செய்யக்கூடிய கட்டளைகளை ஒருவர் ஒருமுறை எழுதிச் சோதித்து, பிறர் தம் நிரலில் இணைத்துக்கொள்ளுமாறு வெளியிட்டால், அத்தொகுப்பு நிரல் நூலகம் எனப்படும். தச்சர் ஒவ்வொரு கதவிற்கும் கீலைத் தாமே வார்த்துக்கொண்டிராமல், செய்து விற்கப்படும் கீலை வாங்கிப் பொருத்துவதைப் போன்றது இது.

ஏஐஓ-ரீகலெக்ட் என்பது பைத்தான் என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்டது. பைத்தான் மொழியை நெதர்லாந்து நாட்டவரான கீடோ வான் ரோசம் என்பவர் உருவாக்கி 1991-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மேற்கூறிய நூலகம் ரீகலெக்ட் நிறுவனத்தால் செய்யப்பட்டதன்று. தன்னார்வமாக எழுதப்பட்டு, எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் திருத்தவும் இசைவளிக்கும் உரிமத்தின்கீழ் வழங்கப்படுவதாகும். வீட்டிலுள்ள விளக்கு, விசிறி, வெப்பமானி முதலியவற்றை ஒருங்கே கட்டுப்படுத்தும் ‘ஹோம் அசிஸ்டெண்ட்’ என்னும் திறந்தமூல மென்பொருள், குப்பை நாளை அறிவதற்கு இந்நூலகத்தைப் பயன்படுத்துகிறது.

இதற்குக் கேள்வி கேட்க இரண்டு எண்கள் தேவை. ஒன்று, வீடு அமைந்துள்ள இடத்தைக் குறிக்கும் இட எண். மற்றொன்று, அவ்விடத்திற்குரிய குப்பை எடுக்கும் திட்டத்தைக் குறிக்கும் சேவை எண். ரீகலெக்டைப் பயன்படுத்தும் நகரசபைகள் பொதுமக்களுக்கு வழங்கும் மின்னணு நாட்காட்டியின் இணைய முகவரியிலேயே இவ்விரு எண்களும் அடங்கியிருக்கும். எண்களைப் பெற்ற நூலகம், சேவைக் கணிப்பொறிக்குக் கேள்வியை அனுப்பி, விடையாக ஒரு பட்டியலைக் கொண்டுவருகிறது. பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் தேதி, அன்று எடுக்கப்படும் குப்பையின் வகைகள், வட்டாரத்தின் பெயர் ஆகியவை இருக்கும். குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடைப்பட்ட நாள்களை மட்டும் கேட்கவும், அடுத்து வரும் நாளை மட்டும் கேட்கவும் தனித்தனிக் கட்டளைகள் உண்டு.

காத்திருப்பின் அளவு

கேள்வி புறப்படுவதற்கும் விடை வந்து சேர்வதற்கும் இடையே எவ்வளவு காலம் கழிகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். சாமராஜநகரிலிருந்து வான்கூவர் நகரம் பூமிப் பரப்பின் மீது சுமார் 13,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சேவைக் கணிப்பொறி அந்நகரத்திலேயே இருப்பதாகக் கொள்ளலாம். செய்தியைச் சுமந்து செல்லும் கண்ணாடி இழையினுள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். இழை நேர்வழியிலேயே அமைந்திருப்பினும், கேள்வி சென்றடைய ஒரு வினாடியின் ஆயிரத்தில் 65 பங்கும், விடை திரும்ப அதே அளவும், ஆக ஆயிரத்தில் 130 பங்கு கழியும். இது ஏறத்தாழ எட்டில் ஒரு வினாடியாகும். உண்மையில் இழைகள் கடலடியிலும் தரையிலும் சுற்றியே செல்கின்றன. இடையிலுள்ள சாதனங்கள் ஒவ்வொன்றிலும் சிறிது தாமதம் நேரும். சேவைக் கணிப்பொறி தன் பதிவேட்டைத் தேடவும் சிறிது காலம் வேண்டும். எனவே விடை வர அரை வினாடியோ, சில வேளைகளில் இரண்டு வினாடியோ ஆகலாம்.

மனிதருக்கு இது அற்பமான காலம். ஆனால் வினாடிக்கு 100 கோடிக் கட்டளைகளை நிறைவேற்றவல்ல ஒரு கணிப்பொறிக்கு, எட்டில் ஒரு வினாடி என்பது பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட கட்டளைகளுக்குரிய காலமாகும். இக்காலம் முழுவதும் அது வேறொன்றும் செய்யாமல் நின்றுவிடுமாயின், அதே கணிப்பொறியை நம்பியுள்ள பிற வேலைகளும் நின்றுவிடும். வீட்டைக் கட்டுப்படுத்தும் கணிப்பொறியில் இது வெறும் கணக்கன்று. குப்பை நாள் பற்றிய விடையை எதிர்பார்த்து அது நின்றுகொண்டிருக்கும்போது, ஒருவர் விளக்கின் பொத்தானை அழுத்தினால், விடை வரும்வரை விளக்கு எரியாது. இணையம் துண்டிக்கப்பட்டிருக்குமாயின் வீட்டார் இருளில் காத்திருக்க நேரிடும்.

ஒத்தியங்கா முறை

ஒரு கேள்விக்கு விடை வந்தபின்னரே அடுத்த வேலையைத் தொடங்குவது ஒத்தியங்கு முறை எனப்படும். விடை வருவதற்கு முன்பே அடுத்த வேலையைக் கவனித்துக்கொண்டிருந்து, விடை வந்தவுடன் விட்ட இடத்திலிருந்து தொடர்வது ஒத்தியங்கா முறை எனப்படும்.

மாவட்ட அலுவலகத்தின் எழுத்தர் ஒருவர் 31 ஊர்களிலிருந்து விவரம் பெறவேண்டியுள்ளது என்று கொள்ளலாம். முதல் ஊருக்குக் கடிதம் எழுதி, அதன் பதில் வந்தபிறகு இரண்டாம் ஊருக்கு எழுதுபவர் உலகில் ஒருவரும் இரார். எல்லா ஊர்களுக்கும் ஒரே நாளில் எழுதிவிட்டு, தபால் பையில் எந்த ஊரின் பதில் முதலில் வருகிறதோ அதை உரிய கோப்பில் சேர்ப்பதே வழக்கம். பதில் வராத வேளையில் அவர் மற்ற அலுவல்களைக் கவனிப்பார். அலுவலகங்களில் இயல்பாக உள்ள இம்முறையைக் கணிப்பொறிக்கு வெளிப்படையாகக் கட்டளையிட்டே கற்பிக்கவேண்டியுள்ளது.

பைத்தான் மொழியில் இதற்குரிய ஏற்பாடு ‘அசிங்க்ஐஓ’ எனப்படும். 2014-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வெளியான 3.4-ஆம் பதிப்பில் இது மொழியுடன் சேர்க்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளியான 3.5-ஆம் பதிப்பில் ‘அசிங்க்’, ‘அவெய்ட்’ என்னும் இரு சொற்கள் இதற்கெனவே அமைக்கப்பட்டன. ஒரு வேலையின் தொடக்கத்தில் ‘அசிங்க்’ என்று எழுதப்பட்டிருப்பின், அவ்வேலை இடையில் நிறுத்தப்பட்டுப் பின்னர் தொடரப்படக்கூடியது என்பது பொருள். அவ்வேலையினுள் ஓரிடத்தில் ‘அவெய்ட்’ என்று எழுதப்பட்டிருப்பின், விடை வரவேண்டிய இடம் அதுவே, அதுவரை மற்ற வேலைகளுக்கு வாய்ப்பளிக்கலாம் என்பது பொருள். எந்த வேலை நின்றிருக்கிறது, எதற்கு விடை வந்துள்ளது, அடுத்து எதனைத் தொடரலாம் என்று இடைவிடாது பார்த்துவரும் பகுதி ‘நிகழ்வுச் சுழல்’ எனப்படும். மேற்கூறிய எழுத்தர் தபால் பையைத் திறந்து பார்த்துக்கொண்டேயிருப்பதற்கு ஒப்பானது இச்சுழல்.

காலத்தில் ஏற்படும் சிக்கனத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2018-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது சாமராஜநகர் நகரசபையில் 31 வார்டுகள் இருந்தன. வார்டு ஒன்றுக்கு ஒரு கேள்வியாக 31 கேள்விகள் கேட்கவேண்டும் எனவும், ஒவ்வொன்றுக்கும் விடை வர 2 வினாடி ஆகும் எனவும் கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பதற்கு 62 வினாடி தேவை. ஒத்தியங்கா முறையில் எல்லாக் கேள்விகளையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், இரண்டு வினாடிக்குச் சற்று அதிகமான காலத்தில் எல்லா விடைகளும் வந்துவிடும். காத்திருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுவதே இதற்குக் காரணம். ஒவ்வொரு கேள்விக்கும் புதிதாக இணைப்பை ஏற்படுத்தாமல், ஏற்பட்ட இணைப்பையே மீண்டும் பயன்படுத்தவும் ஏஐஓ-ரீகலெக்டில் வசதியுண்டு. பல கேள்விகள் கேட்போர்க்கு அது மேலும் சிறிது காலத்தை மிச்சப்படுத்தும்.

முறையின் எல்லைகள்

ஒத்தியங்கா முறை எல்லா வேலைகளையும் விரைவுபடுத்தும் என்று கருதுதல் தவறு. காத்திருக்கும் காலம் மட்டுமே இதனால் மிச்சமாகும். கணக்கிடும் காலம் குறையாது. எழுத்தர் ஒருவரே என்பதை மறத்தலாகாது. அவர் ஒரு நீண்ட கூட்டற்கணக்கில் அமர்ந்துவிட்டால், தபால் பையில் வந்து சேர்ந்த பதில்கள் அனைத்தும் பிரிக்கப்படாமலே கிடக்கும். நிரலிலும் அவ்வாறே, நீண்ட கணக்கீடு ஒன்று இடைவிடாது நடக்குமாயின் நிகழ்வுச் சுழல் நின்றுபோகும். அத்தகைய கணக்கீட்டை வேறொரு செயலகத்திற்கு மாற்றிவிடுவதே உரிய வழியாகும்.

வராத விடைக்கு ஒரு கெடு வைத்தலும் அவசியம். பத்து வினாடிக்குள் விடை வரவில்லையாயின் கேள்வியைக் கைவிட்டு, சிறிது காலம் கழித்து மீண்டும் கேட்கவேண்டும். அதுவரை முன்பு பெற்ற பட்டியலைக் காட்டலாம். ஆனால் அது பழைய பட்டியல் என்பதையும் உடன் தெரிவித்தல் வேண்டும்.

கேள்விகளை எளிதில் அனுப்ப முடிகிறது என்பதற்காக அளவின்றி அனுப்புதல் தகாது. நிமிடத்திற்கு ஒருமுறை கேட்கும் வீடு ஒரு நாளில் 1,440 கேள்விகளை அனுப்புகிறது. நாளுக்கு ஒருமுறை மாறுவதே அரிதாகிய நாட்காட்டிக்கு இத்தனை கேள்விகள் எதற்கு? ஓராயிரம் வீடுகள் இவ்வாறு செய்தால் சேவைக் கணிப்பொறி நாள்தோறும் 14 இலட்சத்து 40 ஆயிரம் கேள்விகளுக்கு விடையளிக்க நேரும். நாளுக்கு ஒருமுறை கேட்டால் ஆயிரம் கேள்விகளே போதும்.

மற்றோர் எல்லையும் உண்டு. நூலகத்தை எழுதியவரும் சேவையை நடத்துபவரும் வெவ்வேறானவர். சேவையை நடத்துபவர் விடையின் வடிவத்தை மாற்றிவிட்டால் நூலகம் செயலற்றுவிடும். அதனை நம்பியுள்ள வீடுகளில் நினைவூட்டல் நின்றுபோகும். பொதுப்பணி பற்றிய தகவலாயின், வடிவத்தை மாற்றுவதற்கு முன்னரே அம்மாற்றத்தை அறிவித்தலும், பழைய வடிவத்தைச் சில காலம் தொடர்ந்து வழங்குதலும் நகரசபைகள் கைக்கொள்ளத்தக்க நெறிகளாகும்.

சாமராஜநகரில் பொருத்திப் பார்த்தல்

மைசூர் நகரம் 2015-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட தூய்மைத் தரவரிசையில் 476 நகரங்களுள் முதலிடம் பெற்றது. 2016-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்குமாறு வீட்டாருக்கு விதித்தன. வகைகள் பெருகப் பெருக, எந்த வகைக்கு எந்த நாள் என்னும் கேள்வியும் சிக்கலாகிறது. அண்டையிலுள்ள சாமராஜநகர், கொள்ளேகால், குண்டலுப்பேட்டை போன்ற ஊர்களுக்கு இத்தகைய நினைவூட்டுச் சேவை ஒன்றை அமைக்க முற்படுவோர் முதலில் கவனிக்கவேண்டியது நிரலையன்று, அட்டவணையையே.

முதலாவதாக, இட எண். வார்டு எண் மட்டும் போதுமா, அன்றி ஒரே வார்டின் இரு தெருக்களுக்கு வண்டி வெவ்வேறு நாளில் செல்கிறதா என்பதைக் களப்பணியாளரே கூறமுடியும். வண்டி செல்லும் வழியே இட எண்ணுக்கு அடிப்படையாதல் வேண்டும்.

இரண்டாவதாக, பெயர். ஏஐஓ-ரீகலெக்டில் குப்பை வகை ஒவ்வொன்றுக்கும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று கணிப்பொறி அடையாளம் காண்பதற்குரிய மாறாப் பெயர். மற்றொன்று மக்களுக்குக் காட்டுவதற்குரிய வழங்குபெயர். எல்லைப்புற மாவட்டத்திற்கு இவ்வேற்பாடு மிகவும் ஏற்றது. கன்னட மொழியில் ‘ஹசி கச’ எனவும் தமிழில் ‘மக்கும் குப்பை’ எனவும் காட்டப்படுவது ஒரே வகையே. ‘ஒண கச’ என்பதும் ‘உலர்ந்த குப்பை’ என்பதும் அத்தகையனவே. மாறாப் பெயர் ஒன்றாக இருப்பின், எத்தனை மொழிகளில் காட்டினும் குழப்பம் நேராது. வழங்குபெயரையே அடையாளமாகக் கொண்டால், எழுத்துப்பிழை ஒன்று புதிய குப்பை வகையாகப் பதிவாகிவிடும்.

மூன்றாவதாக, தேதி. சாமராஜநகரில் சாமராஜேசுவரர் கோயில் தேரோட்டம் ஆஷாட மாதத்தில் நடைபெறுவது. அது சாந்திரமானக் கணக்கைப் பின்பற்றுவதால், ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் வேறுபடும். தேரோடும் வீதிகளில் அன்று வண்டி வழக்கம்போல் செல்ல இயலாது. கூட்டம் கலைந்தபின் குப்பையும் வழக்கத்தைவிட மிகுதியாயிருக்கும். ஆகவே, ‘ஒவ்வொரு வாரமும் இன்ன கிழமை’ என்னும் பொதுவிதியை மட்டும் அட்டவணையில் எழுதி வைத்தல் போதாது. ஒவ்வொரு வண்டி நாளையும் தனித் தேதியாக எழுதி, மாறுபட்ட நாள்களுக்குக் குறிப்புச் சேர்த்தல் வேண்டும். மேலும், தேதியுடன் மணியையும் சேர்த்து அயல்நாட்டுக் கணிப்பொறியில் பதிந்தால், அந்நாட்டு நேரத்திற்கும் இந்திய நேரத்திற்கும் உள்ள வேறுபாட்டினால் தேதியே ஒரு நாள் முன்பின்னாகக் கூடும். வண்டி வரும் நாளை மணியின்றி வெறும் தேதியாகப் பதிவதே பாதுகாப்பானது.

இம்மூன்றிலும் பிழை நேர்ந்தால் விளைவு யாது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அண்டை வீட்டார் ஒருவர் நாளைத் தவறாகச் சொன்னால் ஒரு வீடு ஏமாறும். அட்டவணையில் ஒரு தேதி தவறாயிருந்தால், அது நூலகத்தின் வழியே நொடிப்பொழுதில் ஆயிரம் வீடுகளுக்குச் சென்றுவிடும். அவ்வளவு வீடுகளும் உலர்ந்த குப்பையை வாசலில் வைத்து, வண்டி வராமற்போவதைக் காணும். இவ்வாறு இருமுறை நேர்ந்தால் மூன்றாம் முறை எவரும் நினைவூட்டலைப் பொருட்படுத்தார். நிரல் எவ்வளவு திறமையாகக் காத்திருப்பினும் இக்குறையை அது நீக்காது.

கணிப்பொறியோ இணைய வசதியோ இல்லாத வீடுகளையும் புறக்கணித்தல் கூடாது. அதே அட்டவணையிலிருந்து அச்சிட்ட தாள் பள்ளியின் அறிவிப்புப் பலகையிலும், நியாயவிலைக் கடையிலும், பால் சங்கத்திலும் ஒட்டப்படலாம். வண்டியில் ஒலிபெருக்கி இருப்பின் மறுநாள் எடுக்கப்படும் வகையை அதன்மூலம் அறிவிக்கலாம். இவை அனைத்தும் ஒரே அட்டவணையிலிருந்து பிறத்தல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்துக்கொண்டால், அவை விரைவில் ஒன்றோடொன்று முரண்படும்.

வகுப்பறையில் செய்துகாட்டும் முறை

ஒத்தியங்கா முறையை மாணவர்களுக்குக் கணிப்பொறியின்றியே விளக்கலாம். ஒரு மாணவரை நிகழ்வுச் சுழலாகவும், ஆறு மாணவரை ஆறு வார்டுகளாகவும் நியமிக்கவேண்டும். வார்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் குப்பை எடுக்கும் நாள் எழுதிய சீட்டு ஒன்று இருக்கும். கேள்வி கேட்கப்பட்டவுடன் அவர்கள் முறையே 5, 10, 15, 20, 25, 30 வரை வினாடிக்கு ஒன்றாக மனத்திற்குள் எண்ணிய பின்னரே சீட்டைக் கொடுத்தல் வேண்டும்.

முதல் முறையில், சுழல் மாணவர் ஒருவரிடம் கேட்டு, சீட்டைப் பெற்ற பின்னரே அடுத்தவரிடம் செல்வார். மொத்தம் 105 வினாடி ஆகும். இரண்டாம் முறையில், ஆறு பேரிடமும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, நீட்டப்படும் சீட்டை உடனுக்குடன் பெற்று மேசையில் அடுக்குவார். ஏறத்தாழ 30 வினாடியில் வேலை முடியும். காலம் ஏன் கூட்டுத்தொகையாக அமையாமல் மிகப் பெரிய எண்ணிற்குச் சமமாக அமைகிறது என்பதை மாணவர்களே கூறுமாறு செய்யலாம்.

மூன்றாம் முறையில், ஆறு பேரிடமும் கேட்டு முடித்தவுடன் சுழல் மாணவருக்கு ஒரு நீண்ட பெருக்கற்கணக்கைக் கொடுத்து, அதனை முடித்த பின்னரே சீட்டுகளைப் பெறச் சொல்லவேண்டும். நீட்டிய கைகள் காத்திருப்பதை வகுப்பு முழுவதும் காணும். நான்காம் முறையில், வார்டு மாணவர் ஒருவரிடம் மட்டும் சீட்டைக் கொடுக்கவே வேண்டாம் என்று இரகசியமாகச் சொல்லி வைக்கலாம். எவ்வளவு நேரம் காத்திருப்பது, பிறகு என்ன செய்வது என்பதை மாணவர்கள் விவாதித்து, கெடு வைக்கும் வழக்கத்தின் காரணத்தைத் தாமே உணர்வார்கள். ஐந்தாம் முறையாக, ஒரு சீட்டில் வேண்டுமென்றே தவறான நாளை எழுதி வைக்கலாம். சுழல் மாணவர் பிழையின்றிச் செயற்பட்டும் விடை தவறாக அமைவதை இதனால் அறியலாம்.

களப்பணியாளர் கவனத்திற்கு

தம் பகுதியில் வண்டி செல்லும் வழிகளையும் நாள்களையும் களப்பணியாளர் ஓட்டுநரிடமும் துப்புரவுத் தொழிலாளரிடமும் நேரில் கேட்டு அட்டவணையாக்குதல் வேண்டும். அலுவலகக் கோப்பிலுள்ள பழைய பட்டியலை அப்படியே படியெடுத்தல் போதாது. ஒரு வரியில் ஓர் இடம், ஒரு தேதி, ஒரு வகை என்ற முறையில் எழுதினால், பின்னர் அதனை எந்தக் கணிப்பொறியிலும் எளிதாக ஏற்றலாம். ஆண்டுத் தொடக்கத்தில் திருவிழா, விடுமுறை நாள்களை முன்னதாகவே குறித்து, அந்நாள்களில் வண்டி வருமா, வாராதாயின் ஈடாக எந்த நாளில் வரும் என்று முடிவு செய்து சேர்க்கவேண்டும். வண்டி பழுதாகி நிற்கும் நாளில் அச்செய்தியை எவர் அட்டவணையில் பதிவது என்பதும் முன்பே தீர்மானிக்கப்பட்டிருத்தல் வேண்டும். கடைசியாகத் திருத்திய தேதியும் திருத்திய அலுவலரின் பதவியும் அட்டவணையின் தலைப்பில் இடம்பெறுதல் நன்று. பிழையைக் கண்ட வீட்டார் எங்கே தெரிவிப்பது என்பதையும் அதனருகிலேயே குறித்து வைத்தால், பிழை மறுவாரத்திற்குள் திருத்தப்படும்.